மில்லும் மூட்டையும்

மில் மூடிய அன்று தறி மேஸ்திரி வழக்கமான நேரத்துக்கே வீட்டுக்கு வந்தார். கை கால் கழுவினார். சாப்பிட்டு முடித்துவிட்டு மனைவியிடம், "நாளையிலிருந்து நான் வீட்லதான்" என்றார். அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை.

மில்லை மூட வைத்தது கப்பலில் வந்த பழைய துணி. வசதியான நாடுகளில் உடுத்திக் கழித்ததையெல்லாம் அழுத்தி, இரும்புப் பட்டை கட்டி, மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். மில் சட்டை ஒன்றின் விலைக்கு அதில் நான்கு கிடைத்தது. ஊர் எதை வாங்கும்?

அந்த மூட்டைகளை வாங்கி விற்றவர்களில் ஒருத்தி மேஸ்திரியின் மச்சினி. கணவன் இறந்த பிறகு அக்கா வீட்டின் பின்னறையில் வந்து தங்கியவள். சந்தையில் அவளுக்கு மூட்டைக்காரி என்று பெயர். மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்க முடியாது. அதுதான் அந்த வியாபாரத்தின் சூதாட்டம். உள்ளே குழந்தைச் சட்டை இருந்தால் அதிர்ஷ்டம். கம்பளிக் கோட்டு இருந்தால், வியர்த்து வடியும் ஊரில் அதை யார் தலையில் கட்டுவது? அவள் கட்டினாள். ஐஸ் கிடங்கில் மீன் பெட்டி அடுக்கும் ஆட்களைத் தேடிப் போய், ஒன்று விடாமல் விற்றுவிட்டு வந்தாள்.

அக்காவின் இரண்டு பெண்களையும் அந்த மூட்டைகள்தான் படிக்க வைத்தன. மேஸ்திரிக்கும் சோறு அதில்தான். தன் மில்லைத் தின்ற வியாபாரம் தனக்குப் படி அளக்கிறது என்பது அவருக்குத் தெரியும். சாப்பிடும்போது தலை நிமிர மாட்டார். ஆனால் அந்தத் துணியில் ஒரு கைக்குட்டையைக்கூட அவர் தொட்டதில்லை. இருந்த இரண்டு சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டார். கிழிந்தால் அக்கா ஒட்டுப் போட்டாள்.

பத்து வருஷம் இப்படிப் போன பிறகு ஆட்சி மாறியது. நம் துணியை நாமே நெய்வோம் என்று ரேடியோவில் சொன்னார்கள். பழைய துணி இறக்குமதிக்குத் தடை வந்தது. மில்லின் துருப்பிடித்த கேட்டைத் திறந்து, மேஸ்திரியை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அவர் முகத்தை மழித்துக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி போனார்.

அதே வாரம் சந்தையில் மூட்டைத் தெரு காலியானது.

"சந்தோஷமா இருக்கீங்க போல, அத்தான்" என்றாள் மூட்டைக்காரி. காலையில் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கக் கூடாதா?"

"தாராளமா இருங்க. நான்தான் எங்க போறதுன்னு தெரியாம இருக்கேன்."

"நீ எதுக்கு எங்கயும் போகணும்? இத்தனை நாள் நீ பாத்தே, இனி நான் பாக்கறேன். நீ உக்காந்து சாப்பிடு."

அவர் பாசமாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "உக்காந்து சாப்பிட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதைப் போய் எனக்குச் சொல்றீங்களே."

அக்கா இருவரையும் பார்த்தாள். புருஷனுக்கு வேலை கிடைத்ததற்குச் சிரிப்பதா, தங்கைக்கு வேலை போனதற்கு அழுவதா என்று தெரியாமல், காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மில் துணி கடைக்கு வந்தது. விலை அதிகம். அதைக்கூட ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். சாயத்தைப் பொறுக்க முடியவில்லை. நல்ல சாயம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது, அதுவும் தடைப் பட்டியலில் மாட்டியிருந்தது. உள்ளூரில் கலக்கிய சாயம் நிற்கவில்லை. "ஒரு துவைப்புல தண்ணி கலரா உடுத்திக்குது, துணி வெறும் உடம்போட நிக்குது" என்று பித்தான் விற்கிறவள் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அதைக் கேட்டு மூட்டைக்காரிக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

கையிருப்பு கரைந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். எல்லை தாண்டி வரும் உப்பு லாரியில், உப்புக்கு அடியில் மறைத்து ஒரு மூட்டை வரவழைத்தாள். தள்ளுவண்டியில் கொண்டுவந்து பின்னறையில் இறக்கி, மேலே போர்வையைப் போட்டாள். வண்டிக்காரனோ வேறு யாரோ வாய் விட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையில் சோதனை அதிகாரிகள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

மேஸ்திரிக்கு அன்று இரண்டாம் ஷிப்டு. வீட்டில்தான் இருந்தார். முந்தின வாரம்தான் மில் வாசலில் மைக் பிடித்து, கடத்தல்காரர்கள் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று பேசியிருந்தார். அதிகாரிகள் முன்னறையைப் பார்த்துவிட்டுப் பின்னறைக்கு வந்தபோது, அவர் போர்வை போட்ட மூட்டைமேல் உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"மில்லுல மெஷின் துடைக்கிற கழிவுத் துணி. தலைகாணி அடைக்கலாம்னு வாங்கிட்டு வந்தேன்."

அதிகாரிகளில் பெரியவர் மேஸ்திரியின் சட்டையில் குத்தியிருந்த மில் வில்லையைப் பார்த்தார். "நீங்கதானே அன்னிக்கு கேட்ல பேசினது?"

"ஆமா."

"நல்லாப் பேசினீங்க" என்று அவர் சொன்னார். இருவரும் போய்விட்டார்கள்.

அவர்கள் வந்த வண்டியின் சத்தம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை. மூட்டைக்காரி சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"எதுக்கு அத்தான் பொய் சொன்னீங்க? நாளைக்கு உங்க தலைதானே உருளும்."

"உன்னைப் பிடிச்சுக் குடுத்துட்டுப் போய் நான் எந்தத் துணிய நெய்யறது?" என்றார் அவர். பிறகு எழுந்து, "பிரி. என்னதான் இருக்குன்னு பாப்போம்" என்றார்.

பட்டையை அவரே வெட்டினார். சட்டைகளும் படுக்கை விரிப்புகளும் பிதுங்கிக்கொண்டு வந்தன. ஒரு விரிப்பை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"நெய்தவன் நல்ல கைகாரன். ஓரத்துல பாரு, ஒரு இழை விட்டுப் போகல." மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "இவன் மில் இப்ப ஓடுதோ, என்னமோ."

அவர் விரிப்பை மடித்து வைத்துக்கொண்டே பேசினார். "எங்க கிடங்குல சாயம் போடாத வெள்ளைத் துணி மலையாக் குவிஞ்சு கிடக்கு. நெசவு இதுக்குக் குறைஞ்சதில்ல. எடுக்கத்தான் ஆளில்ல."

"சாயமே போடலையா?"

"சாயத்துக்கு எங்க போறது?"

"சாயமே இல்லாத துணில என்னத்த அத்தான் சாயம் போகும்" என்றாள் அவள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வெள்ளைத் துணியை வாங்கி, அக்காவைத் தையல் மெஷினில் உட்கார வைத்தாள். குழந்தைகளுக்குக் கவுனும் சட்டையும். வெறும் வெள்ளையை எந்தத் தாய் வாங்குவாள்? அதனால் கடத்தி வந்த சட்டைகளை வெட்டி, பையும் காலருமாக வண்ணம் சேர்த்தாள். முதல் நாள் பாதிதான் விற்றது. ஒரு வாரத்தில், அளவு சொல்லிவிட்டுப் போக ஆள் வந்தது. பித்தான்காரியும் கூடச் சேர்ந்துகொண்டாள்.

கழிவுத் துணிக் கதை எப்படியோ மில்வரை போனது. யாரும் புகார் எழுதவில்லை. ஆனால் அதன்பின் கூட்டங்களில் மேஸ்திரியை மைக் பக்கம் கூப்பிடவில்லை. அவருக்கு அது வலித்தது. ஒருநாள் அக்காவிடம் மட்டும், "நான் பேசினதும் உண்மைதாண்டி, மூட்டைமேல உக்காந்ததும் உண்மைதான்" என்றார்.

இரண்டு வருஷம் கழித்துத் தடை தளர்ந்தது. வரி கட்டினால் மூட்டை இறக்கலாம், சாயமும் இறக்கலாம். சாயம் வந்ததால் மில் துணி தேறியது. மூட்டை வந்ததால் விற்பனை குறைந்தது. மில் இரண்டாம் ஷிப்டை நிறுத்தியது.

"நான் மறுபடி மூட்டை எடுத்தா உங்களுக்கு வருத்தமா இருக்குமா?" என்று அவள் கேட்டாள்.

"இருக்கும். அதுக்காக எடுக்காம இருக்காதே. நீ எடுக்கலேன்னா வேற ஒருத்தி எடுப்பா." செருப்பை மாட்டிக்கொண்டே, "வெள்ளைத் துணிய மட்டும் விட்றாதே" என்றார்.

"விலையக் குறைக்கச் சொல்லுங்க, விடல."

"மேனேஜர்கிட்ட நீயே கேளு. எனக்கு அங்க இப்ப வாய் இல்ல."

மறுநாள் அவள் அவரோடு மில்லுக்குப் போனாள். மேனேஜர் விலையைக் குறைக்கவில்லை. குழந்தை அளவுக்கு வெட்டினால் பாதித் துணி ஓரத்தில் வீணாகிறது என்று அவள் மேஜைமேல் துணியை விரித்துக் காட்டியபோது, அகலம் குறைத்து நெய்து தர ஒத்துக்கொண்டார். அதற்கு நான்கு தறிகளைத் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை மேஸ்திரியிடம் கொடுத்தார்கள். நின்றுபோன ஷிப்டிலிருந்து இரண்டு பேரைத் தனக்குத் துணையாக அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்றவர்களுக்கு வேலை திரும்ப வரவில்லை.