கண்காட்சி மாளிகையின் சின்னம்

கண்காட்சி மாளிகைக்குச் சின்னம் வரைபவர் அதனுள்ளேயே அமர்ந்துதான் வரைய வேண்டும். தாளில் எதைச் சேர்த்தாலும் மாளிகையிலும் அது சேரும்; எதை அழித்தாலும் மாளிகையும் அதை உதறிவிடும். ஊரறிந்த நடைமுறை இது. ஆகையால் ஓவியர் அமிர்தகடேசன் வியக்கவில்லை. வரிசைத் தூண்களும், விரித்த குடைபோன்ற கூரையும், ஒரேயொரு பெருவாசலுமாக மாளிகையைப் பிசகில்லாமல் வரைந்து, அங்கேயே கூடியிருந்த கண்காட்சிக் குழுவின் முன் வைத்தார். வாசலுக்கு வெளியே அவருடைய மனைவி கோதைநாயகி காத்திருந்தாள். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

குழுத்தலைவர் பூவராகன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கலையில் அவருக்குத் தெரிந்த ஒரே காரியம் அதுதான்.

"தூணெல்லாம் எதுக்கு? சீப்பு மாதிரி இருக்கு. எடுத்துடுங்க."

அமிர்தகடேசன் அழித்தார். தூண்கள் மரியாதையாக விலகிச் சென்றன. கூரை அந்தரத்தில் நின்று, தன் கதி என்னவென்று கேட்பதுபோல் அவரைப் பார்த்தது.

"குடையும் வேணாம். மழைன்னு நெனச்சு ஜனங்க வீட்டுலயே இருந்துடுவாங்க."

கூரையும் போயிற்று. உறுப்பினர்களின் வழுக்கைகளில் வெயில் விழுந்தது. காற்றோட்டம் பிரமாதம் என்று அவர்கள் பாராட்டினார்கள்.

"வாசல் தெற்கே பார்க்குதே," என்றார் வாஸ்து ஆலோசகர் வைத்திலிங்கம். "குடும்பத்துக்கு ஆகாது."

"யார் குடும்பத்துக்கு?"

"தலைவர் குடும்பத்துக்குத்தான்."

"ஐயா, நான் வெளியே போகணுமே," என்றார் அமிர்தகடேசன்.

"சின்னத்துக்குள்ள யாருய்யா போகப்போறா, வரப்போறா? அழிங்க," என்றார் தலைவர்.

சுவர்கள் வாசலை மூடிக்கொண்டு உயர்ந்தன. வெளியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க! வாசலைக் காணோம். பஸ் வேற வந்துடும் போலிருக்கு!"

"இன்னும் எளிமையா வேணும்," என்றார் பூவராகன்.

அமிர்தகடேசன் அழிக்க அழிக்கச் சுவர்கள் நெருங்கின. மேலும் நெருங்கின. முடிவில் ஒரு கறுப்புப் புள்ளிதான் மிஞ்சியது. அதனுள் குழு முழுவதும் தாராளமாக அமர்ந்திருந்தது. அவர்களுடைய சிந்தனைக்கு அந்த இடமே அதிகம். சின்னம் ஏகமனதாக ஏற்கப்பட்டது. பலத்த கைதட்டல் எழுந்தது.

அந்தச் சந்தடியில் அமிர்தகடேசன் புள்ளியின் ஓரத்தில் ஓர் ஆள் குனிந்து போகுமளவுக்குக் கதவொன்று வரைந்தார். வெளியே வந்தார்.

"இங்க யாருய்யா கிறுக்கினது?" என்று பின்னால் பூவராகன் அதட்டினார். தம் கையாலேயே அந்தக் கதவை அழித்தார்.

பேருந்தில் கோதைநாயகி கணவரின் சட்டைக் கையைப் பிடித்து, அதில் ஒட்டிவந்திருந்த புள்ளியை உற்றுப் பார்த்தாள்.

"இதென்ன, கறுப்பா?"

"கண்காட்சி மாளிகை."

அவள் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஊறவெச்சாப் போயிடும்," என்றாள்.