டீச்சர் வீட்டுச் சுவர்

பக்கத்துப் போர்ஷன் பாக்யலட்சுமி டீச்சர் வாசலில் வந்து நின்று, "அண்ணா, மறுபடியும் சுவத்துக்குள்ள கடகடன்னு சத்தம் வருது" என்றால் போதும், ஜெயப்பிரகாஷ் பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவான். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் இந்தச் சுறுசுறுப்பை அம்பிகா பார்த்ததே இல்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆம்பூரில் அப்துல் வஹீத் பாய் வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு போர்ஷன்கள். அம்பிகாவின் சமையலறைக்கும் டீச்சரின் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். டீச்சரின் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. சத்தம் தொடங்கியபோது பாய் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். "எலிதாம்மா, வேற இன்னா" என்று மருந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மருந்தை ஒரு எலியும் மோந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் டீச்சர் ஜெயப்பிரகாஷைக் கூப்பிட்டாள்.

கூப்பிட ஏற்ற ஆள்தான். அவன் தோல் பதனிடும் ஷாப்பில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். தோலை ஊறப்போட்டுச் சுற்றும் பெரிய டிரம்மில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடிப்பான். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை மெஷினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொள்வான். அதே ஸ்க்ரூ டிரைவரோடு டீச்சர் வீட்டுக்கும் போனான்.

முதல் நாள் அம்பிகாவும் கூடப் போனாள். அவன் சுவரில் முனையை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு வயிறு எரிந்தது. ஷூ கம்பெனியில் நாளெல்லாம் தைத்துவிட்டு வந்து, சூப்பர்வைசர் தன்னை என்ன பேசினாள் என்று இவள் சொல்லும்போது அவன் கண் போனில் இருக்கும். வாய் மட்டும் "ம்" போடும். பெண்டாட்டி பேச்சுக்கு இல்லாத காது, கண்டவள் வீட்டுச் சுவருக்கு எங்கிருந்து வந்தது? மறுநாளிலிருந்து அவள் கூடப் போகவில்லை.

போகாவிட்டாலும் மனசு அங்கேதான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்கும், வார்த்தை புரியாது. நடுநடுவே டீச்சர் சிரிப்பாள். சுவரைப் பார்க்கப் போன இடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? "அண்ணாவாம், பெரிய அண்ணா" என்று முணுமுணுத்தபடி அம்பிகா பாத்திரங்களை நங் நங்கென்று கழுவிக் கவிழ்ப்பாள். பகலில் அந்தச் சத்தம் வருவதில்லையாம். பெரும்பாலும் சாயங்காலம், அவன் வீட்டில் இருக்கும்போதுதான் வருகிறதாம். எல்லாம் அவளைக் கேனச்சி ஆக்கப் போடும் நாடகம் என்று அம்பிகா முடிவு கட்டிவிட்டாள்.

ஒரு நாள் அப்படித்தான் அவன் போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. அம்பிகா ஆத்திரத்தில் குழாயைப் பட்டென்று அடித்து மூடினாள். ஒரு தட்டு தட்டினால் மூடிக்கொள்ளும் புது மாடல் குழாய், போன மாதம் அவனே வாங்கி மாட்டியது.

"வந்துச்சு டீச்சர், கேட்டீங்களா?" என்று அவன் குரல் கேட்டது.

அம்பிகா அப்படியே நின்றாள். பிறகு குழாயைத் திறந்து, மறுபடி ஓங்கித் தட்டினாள். இத்தனை நாள் பாத்திரச் சத்தத்தில் கேட்காதது, இப்போது இன்னொரு கை வைத்திருந்த சுவருக்குள் கடகடவென்று உதறிக்கொண்டது. "இதோ, மறுபடியும்!" என்றான் அவன். ஓடுகிற தண்ணீர் சட்டென்று நிற்கும்போது, உள்ளே பிடிப்பில்லாமல் கிடக்கிற பைப் ஆடுகிறது. அவ்வளவுதான் விஷயம். அவன் போகப் போக இவளுக்குக் கோபம் வந்தது, கோபத்தில் இவள் அடிக்க அடிக்கச் சத்தம் வந்தது, சத்தம் வர வர அவன் அங்கேயே இருந்தான். தன் புருஷனை டீச்சர் வீட்டில் பிடித்து வைத்தது தன் கையேதான் என்று தெரிந்ததும் அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து குழாயைப் பிள்ளையைத் தொடுவது போலத் தொட்டு மூடினாள். சத்தம் நின்றது. டீச்சரும் வரவில்லை, அவனும் போகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அம்பிகா நினைத்தாள். ஆனால் வீட்டிலேயே இருந்தவன் போனோடுதான் இருந்தான். "தையல்லேர்ந்து என்னைச் செக்கிங் டேபிளுக்கு மாத்திட்டாங்க" என்று ஆசையாகச் சொன்னாள். "ம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கறி வாங்கப் போயிருந்தபோது, டீச்சர் ஒரு கிண்ணத்தில் கேசரியோடு வந்தாள்.

"சத்தம் நின்னுபோச்சுக்கா. அண்ணன்கிட்ட சொல்லுங்க. உங்க குழாயா இருக்குமோன்னு நான் மொதல்லயே கேட்டேன். அவருதான், இல்லவே இல்ல, வேற எதுவோன்னு சொல்லிட்டாரு."

அம்பிகா கேசரியை வாங்கிக்கொண்டாள். முகத்தில் சிரிப்பை எப்படி ஒட்ட வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஊரில் உள்ள மெஷினுக்கெல்லாம் காதாலேயே நோய் சொல்பவன், தன் கையால் மாட்டிய குழாயின் சத்தம் தெரியாதவனா?

அவன் பையோடு உள்ளே நுழைந்ததும் நேராகவே கேட்டாள்.

"குழாய்தான்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும் இல்ல?"

அவன் பையைக் கீழே வைத்தான். "தெரியும்."

"பைப் ஆடாம ஒரு கிளாம்ப் அடிச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"ஆமா."

"அப்புறம் இன்னாத்துக்கு தினம் போனீங்க? அவ மூஞ்சியப் பாக்கவா?"

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அதெல்லாம் இல்ல அம்பிகா. டிரம்மு பெல்ட்டு அறுந்தது, ஜி.எம். என்னைக் கத்துனது, அத நான் எப்படி சரி பண்ணேன், எல்லாத்தையும் டீச்சர் அங்க உக்காந்து கேக்கறாங்க. அப்புறம் இன்னா ஆச்சுண்ணான்னு கேக்கறாங்க. இங்க நான் வாயத் தொறந்தாலே நீ உன் கம்பெனி கதைய ஆரம்பிச்சிடற. அப்புறம்தான் நான் போனைப் பாத்துக்குனு உக்காந்துடறது."

டீச்சர் அழகுக்காகப் போனேன் என்று அவன் சொல்லியிருந்தால் அம்பிகா தெருவே கூடும்படி சண்டை போட்டிருப்பாள். பாயிடம் சொல்லி டீச்சரைக் காலி பண்ண வைத்திருப்பாள். இதற்கு யாரோடு சண்டை போடுவது? தன் வீட்டில் பேச வேண்டிய பேச்சையெல்லாம் இன்னொருத்தி கேட்டு முடித்துவிட்டாள் என்று நினைக்க நினைக்க நெஞ்சு காந்தியது. கறிப் பை தரையில் கிடந்தது. அவள் அதை எடுக்காமல் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவகிட்ட சொன்னதெல்லாம் ஒன்னு விடாம எனக்கும் சொல்லுங்க."

கேட்டது பொறாமைதான். அவனுக்கும் அது தெரிந்திருக்கும். அவன் போனைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு வந்தான்.

"எங்கேர்ந்து சொல்றது?"

"மொத நாள்லேர்ந்து" என்றாள் அம்பிகா.