பாத்தியில் நட்ட பல்

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

இலையுதிர் காலத்தில்தான் பூண்டு நடவேண்டும் என்பது என் மனைவியின் சட்டம். கொல்லைப் பாத்தியைக் கொத்தி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"என்னங்க, பெரிய பல்லா பார்த்து நடுங்க. கூர்ப்பக்கம் மேல இருக்கணும்."

குனிந்தால் என் பல்செட் நழுவும். கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். பூண்டுப் பற்களும் அதே பையில்தான். கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து நட்டுக்கொண்டே வந்தபோது, கையில் ஒன்று நல்ல வாட்டசாட்டமாக அகப்பட்டது. அதை நடுப்பாத்தியில், தனி மரியாதையோடு புதைத்தேன்.

சாயங்காலம் டீக்கு ரஸ்க் கடிக்கலாம் என்று பையில் கைவிட்டால், மூன்று பூண்டுப் பல்தான் மிச்சம்.

"தங்கம்!" என்று பதறிக் கூப்பிட்டேன். பல் இல்லாத வாயில் அது "பங்கம்!" என்று வந்தது.

அவள் முகம் சுண்டிவிட்டது. "கட்டின நாள்லேர்ந்து தங்கம்னு கூப்பிட்ட வாய்! செட்டு எங்க?"

"பல்லை மண்ணுல வச்சுட்டேன்."

"அதைத்தானே செய்யச் சொன்னேன்? பெருமை வேற! ஒழுங்கா தங்கம்னு கூப்பிடுங்க, அப்பதான் திரும்பிப் பார்ப்பேன். பாத்தியில கை வச்சுக் கிளறினீங்க, தெரியும் சேதி."

டாக்டரிடம் புது செட் கேட்கலாம்தான். பழையது என்னாயிற்று என்பாரே, மானம் கப்பலேறிவிடும். அன்றிலிருந்து அவள் முதுகோடுதான் குடித்தனம்.

குளிர் வந்தது. காலையில் பாத்தி கடகடவென்று பல்லடித்தது. "பாவம், குளிருது போல" என்று என் கம்பளியைக் கொண்டுபோய் அதற்குப் போர்த்தினாள். பாத்தி அடங்கியது. நான் நடுங்கினேன்.

அடுத்த வீட்டு எலெக்ட்ரீஷியன் ஒருநாள் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, உங்க பாத்தி இதோட வாலைக் கடிச்சிடுச்சு."

"நல்ல காரப் பூண்டு தம்பி, அப்படித்தான் இருக்கும்."

பூண்டுத் தாள் பழுத்தது. அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நடுவில் இருந்தது மட்டும் வரவில்லை. அவள் இழுக்க, அது உள்ளிருந்து இழுக்க, கடைசியில் "விடு சனியனே!" என்று ஓர் அதட்டல் போட்டாள். பொத்தென்று வந்தது. தேங்காய் அளவு பூண்டு. அதை இறுகக் கவ்விக்கொண்டு இளித்தது என் பல்செட்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு, அத்தனை மாதம் கழித்து, என்னைப் பார்த்தாள்.

"மண்ணுல வச்சது இந்தப் பல்லையா? இத்தனை நாளா வாயில்லாப் பூச்சியா நின்னீங்களே!"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. குழாயடியில் கழுவி, அவளே என் வாயில் மாட்டிவிட்டாள்.

"இப்ப கூப்பிடுங்க."

"தங்கம்."

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா இன்னொரு தரம் கூப்பிடுங்க" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். பூண்டு நாற்றம் அப்படி.

எனக்கு வயது எழுபத்தாறு; இன்றுவரை என் வாயில் ஒரு பொய்ப்பல்கூட ஏறியதில்லை.