ஒற்றைக் கைப் பெட்டி

அட்டைப்பெட்டிப் பட்டறையின் மேசைமேல் இரண்டு மாதிரிகள் இருந்தன. மொத்த வியாபாரிக்குப் பெரியதுதான் பிடித்திருந்தது. உள்ளே முக்கால்வாசி வெறும் காற்றுதான். ஆனால் கடை அலமாரியில் வைத்தால் புதுமாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்.

"உங்க விளையாட்டை இந்தப் பெரிய பெட்டியில போடுங்கம்மா, ஆயிரம் பெட்டியையும் நானே எடுத்துக்கறேன். மூடியை மேல தூக்கினா திறக்கணும். ஜனங்களுக்கு அதுதான் பழக்கம்" என்றார்.

அவர் எதிரே தையல்காரி நின்றிருந்தாள். அவளும் அவள் அண்ணனும் இரண்டு வருடம் மண்டையை உடைத்து உருவாக்கிய விளையாட்டு அது. பெயர் 'மொட்டைமாடி'. மழை வருவதற்குள் கொடியில் காயும் துணிகளை எடுத்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுத் துணியையும் சேர்த்து வாரிக்கொண்டு ஓடினால் கூடுதல் புள்ளி. அந்த விதியைச் சேர்த்தது அண்ணன். சின்ன வயதிலிருந்தே அவன் புத்தி அப்படித்தான்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம், டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும். ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. விளையாட்டு பிறந்ததே அந்த நாற்காலியில்தான் என்பதால் அதில் எல்லாமே ஒரு கைக்கு அளவெடுத்தது. சீட்டுகளைக் கையில் பிடிக்க வேண்டாம், செருகி நிறுத்தக் கட்டை உண்டு. புதிதாக எதைச் சேர்த்தாலும் தையல்காரி தன் இடது கையைத் துப்பட்டாவால் முதுகோடு கட்டிக்கொண்டு ஆடிப் பார்ப்பாள்.

இவ்வளவு பார்த்தவர்கள் பெட்டியில் கோட்டை விட்டார்கள். விளையாட்டு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அதை எப்போதும் அவள்தான், இரண்டு கையாலும், திறந்து வைப்பாள். போன வாரம் அவள் போய்ச் சேரத் தாமதமானது. அண்ணன் மூடிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"சிஸ்டரைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"போர்வை நழுவினா கூப்பிடறேன். தலகாணி சரிஞ்சா கூப்பிடறேன். விளையாடறதுக்குமா கூப்பிடணும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மறுநாளே அவள் பெட்டி செய்யச் சொல்லிப் பட்டறைக்கு வந்தாள்.

இப்போது அவள் பெரிய பெட்டியை வியாபாரியின் பக்கம் தள்ளினாள். "ஒரு கையைப் பின்னால கட்டிக்கிட்டு இதைத் திறங்க சார்."

அவர் வாயெல்லாம் பல்லாக எழுந்தார். மூடியைத் தூக்கினார், பெட்டியும் கூடவே வந்தது. உதறினார், மூடி கழலவில்லை. அக்குளில் இடுக்கி இழுத்தார். மூடி பட்டென்று விடுபட, மாதிரிக்காக உள்ளே வைத்திருந்த சட்டை, பாவாடை, போர்வைச் சீட்டுகள் பட்டறைத் தரையெங்கும் பறந்தன.

"வாங்கறவங்களுக்கு ரெண்டு கை இருக்கும்மா" என்றார், முகம் சிவக்க.

"இருக்கட்டும் சார். ரெண்டு கை இருக்கறவங்க எந்தப் பெட்டியையும் திறப்பாங்க. எங்கண்ணன் இதைத் திறக்க முடியாது."

"நாலு பேருக்காக ஆயிரம் பேரை விடுவீங்களா?"

"அந்த நாலு பேருக்காகத்தான் பண்ணினதே. ஆயிரம் பேரும் வரட்டும், நானா வேண்டாங்கறேன்?"

"அப்ப நான் ஒண்ணுகூட எடுக்க மாட்டேன்."

அவர் இல்லாவிட்டால் இருநூறுதான் போட முடியும், அதையும் வாய் வலிக்கப் பேசி அவளேதான் விற்க வேண்டும். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"எடுக்காதீங்க" என்றாள்.

அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அதுவரை மூலையில் பசை தடவிக்கொண்டிருந்த பெட்டிக்காரர், தரையில் குனிந்து சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது மாதிரி சின்னது. மூடி பின்பக்கம் பெட்டியோடு ஒட்டியிருந்தது. முன்பக்கம் நடுவில் அவளே தைத்த ரிப்பன் நாக்கு. துப்பட்டாவால் கையைக் கட்டிக்கொண்டு ரிப்பனை இழுத்தாள். மூடி திறக்கவில்லை, பெட்டிதான் மேசையில் வழுக்கிக்கொண்டு வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இரும்மா, அதுக்குள்ள என்ன?" பெட்டிக்காரர் வெட்டும் இயந்திரத்தின் அடியில் போடும் ரப்பர் விரிப்பில் ஒரு துண்டு நறுக்கி, பெட்டியின் அடியில் ஒட்டினார். "இப்ப இழு."

பெட்டி அசையவில்லை. மூடி மட்டும் எழுந்து பின்னால் சாய்ந்தது. அவள் துப்பட்டாவை அவிழ்த்து, வலது கையைக் கட்டிக்கொண்டு இடது கையாலும் இழுத்துப் பார்த்தாள். அப்புறம்தான், "இருநூறு போடுங்கண்ணே" என்றாள்.

முதல் பெட்டி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது. அண்ணன் அதைத் திறக்கவில்லை. தங்கையிடம், பக்கத்து நாற்காலியின் சாப்பாட்டுப் பலகைமேல் வைக்கச் சொன்னான். அங்கே இருந்தவர், பணி ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அம்மாள். அவருக்கு ஊசி வலது கையில்.

சிஸ்டர் ஓடி வந்தாள். "குடுங்கம்மா, நான் திறந்து தரேன்."

"யாரும் கை வைக்கக் கூடாது!" முப்பது வருடம் பஸ்ஸை அடக்கிய குரல். வார்டே திரும்பிப் பார்த்தது.

அந்த அம்மாள் இடது கையால் ரிப்பனை இழுத்தார். மூடி திறந்தது. மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்.

"அக்கா, விளையாட்டு உள்ள இருக்கு" என்றான் அண்ணன்.

"இருக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டு, அவர் இன்னொரு முறை திறந்தார்.