இடப்பக்கத்து மேடு

மனித மூளையையும் சிம்பன்சி மூளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளப்பதுதான் எலினாவின் ஆராய்ச்சி. சிம்பன்சிப் படங்கள் வெளிநாட்டிலிருந்து கிடைத்தன. மனிதப் படங்களுக்கு அவளே கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் ஆள் பிடித்து ராஜபாளையத்து ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினாள். அவளும் ஒருநாள் அந்த மிஷினுக்குள் படுத்து எழுந்தாள்.

மனிதர்களில் பெரும்பாலோருக்கு மூளையின் பின்பகுதி இடப்பக்கம் சற்றுத் துருத்திக்கொண்டு மேடாக இருக்கும். சிம்பன்சிகளுக்கு அந்த மேடு அவ்வளவு திட்டமாக இருப்பதில்லை. எலினாவின் கணக்கிலோ இரண்டுக்கும் வித்தியாசமே வரவில்லை. அவளுடைய பேராசிரியர் ரிச்சர்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பெரிய விஷயம்மா இது. சட்டுன்னு எழுது" என்றார்.

எழுத உட்கார்ந்த காலையில்தான் படங்களை எடுத்த வரிசைப்படி அடுக்கிப் பார்த்தாள். பொங்கலுக்கு முன் எடுத்தவற்றில் மேடு இடப்பக்கம். பிறகு எடுத்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே வலப்பக்கம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துச் சமமாகியிருந்தன. பொங்கல் கழிந்ததும் ஊர்க்காரர்களின் மூளை பக்கம் மாறுமா என்ன?

பொங்கலுக்குப் பிறகு எடுத்த தன் படத்தைத் திறந்தாள். அவளுக்கு இடது கடைவாய்ப்பல்லில் உலோக உறை. ஸ்கேனில் உலோகம் கரும்பள்ளமாக விழும். அது வலது தாடையில் விழுந்திருந்தது. நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். இடதுதான்.

சென்டரில் டிஸ்க்கில் ஏற்றும்போதே படங்கள் இடவலம் புரண்டிருக்கின்றன. இரண்டு வருட உழைப்பு போயிற்று என்று நினைத்து முடிப்பதற்குள் முத்துப்பாண்டி நினைவுக்கு வந்தார்.

முத்துப்பாண்டி கல்லூரி பஸ் டிரைவர். பட்டாளத்தில் இருந்தவர். அடிக்கடி தலைவலி என்பார். "ஒரு படம்தான அண்ணாச்சி" என்று அவரை அனுப்பிவைத்தவள் எலினாதான். மூளைக்கு மேலே ரத்தம் கோத்திருப்பது அந்தப் படத்தில்தான் தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் இன்று மண்டையில் துளை போட்டு அதை வடிக்கப்போகிறார்கள். டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவளே. கைகால் எல்லாம் அவருக்கு நன்றாக இருந்ததால், எந்தப் பக்கம் என்பதற்கு அந்தப் படத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "டாக்டர் தியேட்டர்ல இருக்காங்க, பொறவு பேசுங்க" என்று வைத்துவிட்டார்கள். ஸ்கூட்டரை எடுத்தாள். லாரிகளுக்கு இடையே புகுந்து வந்த வழி எதுவும் அவள் கண்ணில் பதியவில்லை.

தியேட்டர் வாசலில் முத்துப்பாண்டியின் மனைவி இருளம்மாள் நின்றிருந்தாள். "செத்த முன்னாலதான் அவியள உள்ள கொண்டு போனாவ. ஏன் இப்படி வேர்த்து வாரே?"

எலினா கதவைத் தட்டினாள். நர்ஸ் தடுத்தாள். மறுபடி தட்டினாள். மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டர் ஹரிகிருஷ்ணன் முகமூடியோடு வெளியே வந்தார்.

"சார், அந்தப் படம் புரண்டிருக்கு. ரத்தக்கட்டி வலப்பக்கம் இல்ல, இடப்பக்கம்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார். சிம்பன்சி மூளையையும் மனுச மூளையையும் ஒப்பிட்டு ஆராய்ச்சி பண்றேன்."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "சிம்பன்சிய பொறவு பாப்போம்மா. மயக்கம் குடுக்கப் போறாங்க."

எலினா கதவின் குறுக்கே கையை நீட்டினாள். "என் பல்லப் பாருங்க சார்." லேப்டாப்பில் தன் படத்தைத் திறந்து காட்டிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்தாள். டாக்டர் படத்தைப் பார்த்தார். அவள் வாயைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அவர் படமும் அதே சென்டரா?"

"அதே சென்டர், அதே வாரம்."

"மயக்கத்த நிறுத்துங்க. இங்கயே சி.டி. ஸ்கேன் எடுக்கணும்" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. முத்துப்பாண்டியின் வலப்பக்கத் தலையை மழித்து மையால் வட்டம் போட்டிருந்தார்கள். அவர் எலினாவைப் பார்த்து, "ஏம்மா, இன்னைக்கு பஸ்ஸ விட்டுட்டியா?" என்றார்.

இருளம்மாளுக்கு விஷயம் விளங்கியபோது கத்தவில்லை. அதுவரை எலினாவின் கையைப் பிடித்திருந்தவள் விரல்களை விடுவித்துக்கொண்டாள். "நீ அனுப்புன எடந்தான அது" என்றாள். இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

சி.டி. ஸ்கேனில் ரத்தக்கட்டி இடப்பக்கம் இருந்தது. அந்தப் பக்கமே துளை போட்டு வடித்தார்கள். சாயங்காலம் முத்துப்பாண்டி கண் திறந்து தண்ணீர் கேட்டார். பேச்சு தெளிவாக இருந்தது. இருளம்மாள் அப்போதுதான் அழுதாள்.

வராண்டாவில் எலினா ரிச்சர்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். "அப்போ எழுத ஒண்ணுமில்ல" என்றார்.

"படங்களத் திருப்பி மறுபடி அளக்கணும் சார். ஆனா இன்னைக்கு இல்ல."

டாக்டர் ஹரிகிருஷ்ணன் கார் சாவியோடு வந்து நின்றார். "ராஜபாளையம் ஸ்கேன் சென்டருக்குப் போறேன். பொங்கலுக்கப்புறம் அங்க டிஸ்க் வாங்கினவங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிடச் சொல்லணும். நீங்க வந்து அந்தப் பல்லக் காட்டினாத்தான் நம்புவாங்க."

எலினா லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள்.