ஒரே வரியில் சுப்பிரமணியன்

பெரிய மார்க்கெட்டில் காய்கறி விற்கும் நிர்மலாதேவிக்கும் பூ விற்கும் செல்வாம்பாளுக்கும் போன ஆடியிலிருந்து ஒரே கணவர். இருவர் மீதும் குற்றமில்லை. வியாபாரிகள் சங்கத்துக்கு உறுப்பினர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்த இஷ்ரத், ஒரே சொல் இரண்டு இடத்தில் இருந்தால் பொறுக்காதவள். ஊர், ரத்த வகை, விற்கும் சரக்கு என்று எல்லாவற்றையும் குட்டிக் குட்டி டேபிளாக, அதாவது தனித்தனி அட்டவணையாகப் பிரித்தாள். சொல்லை அங்கே ஒரு முறை எழுதிவிட்டு மற்ற இடங்களில் அதன் எண்ணை மட்டும் போட்டாள். கூட வேலை பார்த்த பிரேம்குமார், "ஊரோட நிறுத்திக்க. எல்லாத்துக்கும் டேபிள் போட்டா எங்க போயி முடியும்?" என்றான். அவள் நிறுத்தவில்லை. தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்ற கட்டத்தையும் பிரித்தாள். நிர்மலாதேவிக்கும் செல்வாம்பாளுக்கும் கணவர் பெயராகச் சுப்பிரமணியன் இரண்டு முறை இருந்தது, ஒன்றை அழித்துவிட்டு மற்றதன் எண்ணையே இருவருக்கும் போட்டாள்.

அன்று மாலை உழவர்கரை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நிர்மலாதேவியின் கணவர், யாரும் எதுவும் சொல்லாமலே சிரித்தார். மறுநாள் சோறு வைக்கும் முன்பே போதும் என்று கையால் மறித்தார். உடம்பில் மல்லிகை வாசம். மேட்டுப்பாளையம் கம்பெனியில் வேலை விட்டால் நேரே வீட்டுக்கு வருகிற மனுஷன் அவர். நிர்மலாதேவி மார்க்கெட்டில் பூக்கடைகளை ஒவ்வொன்றாக நோட்டம் விட்டாள். செல்வாம்பாள் மட்டும் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு நாள் கணவரைச் சாப்பிட உட்காரவைத்து, வெளியே பூட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து செல்வாம்பாள் வீட்டுக்குப் போனாள். அங்கேயும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சங்கத்துப் பட்டியல் கம்ப்யூட்டரில் ஏறிய நாளிலிருந்துதான் இப்படி என்று விசாரித்து விசாரித்துத் தெரிந்துகொண்டு, இருவரும் இஷ்ரத்திடம் வந்து நின்றார்கள். அவள் பட்டியலைத் திறந்தாள்; இருவர் பெயருக்கும் எதிரே ஒரே எண் இருந்தது.

"பழையபடி தனித்தனியா எழுதிடறேன்க்கா. அவங்கவங்க வீட்டுக்காரர் அவங்கவங்களுக்கு."

செல்வாம்பாள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்க வூட்டுக்காரர் செத்து ரெண்டு வருஷமாவுது. அந்தக் கட்டத்துல உசுரோட இருக்காரான்னு யாரும் கேக்கல, பேர எழுதிக் குடுத்தேன். ஆடியில கதவத் தொறந்துகினு வந்தாரு. முகம் வேறதான். ஆனா அவர மாதிரியே செல்வான்னு கூப்ட்டாரு."

நிர்மலாதேவி அதை நம்பவில்லை. மார்க்கெட்டில் நாலு பேரிடம் கேட்டாள், செல்வாம்பாளின் கணவர் செத்துப்போனது உண்மைதான். பிரித்தால் அந்த மனுஷன் மறுபடியும் சாக வேண்டும். அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கடைசியில் இஷ்ரத்திடம் போய், "அப்படியே இருக்கட்டும், கை வெக்காத" என்றாள்.

தீபாவளிக்கு இரண்டு வீட்டிலும் அவருக்குச் சட்டை எடுத்தார்கள். அவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். மேலே இருப்பது தான் எடுத்ததுதானா என்று நிர்மலாதேவி மட்டும் காலரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.