பெயர்ப்பலகை இல்லாத வீடு

துறைமுகப் பக்கத்து ஒழுங்கைகளில் அந்த வீட்டைத் தேடி வாகனத்தை முன்னும் பின்னும் திருப்பி எங்களுக்குச் சலித்துப் போனது. முதியோர் இல்லம் எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. மூலைக் கடைக்காரர் கையை விரித்தார். அவருடைய கடையிலிருந்துதான் அந்த இல்லத்துக்கு நாளும் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் போகிறது என்று பிறகுதான் அறிந்தேன்.

நான் றுஷ்தா. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர். என்னோடு வந்தவர் இராகுலன், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பாலையூற்றுக்காரர். பதியாமல் ஓர் இல்லம் நடக்கிறது, அங்கிருந்து அழுக்குத் தண்ணீர் ஒழுங்கைக்கு வருகிறது என்று யாரோ தொலைபேசியில் முறையிட்டிருந்தார்கள். நான் கொஞ்சம் வாய்க்காரி. என் முகத்துக்கு நேரே அதை ஒருவரும் குறையாகச் சொன்னதில்லை. நான் வருகிறேன் என்று தெரிந்தால் எங்கள் பிரிவில் இல்லம் நடத்துகிறவர்கள் முதல் நாளே ஜன்னல் திரைகளைத் தோய்த்துக் காயப்போட்டு விடுவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

கடைசியில் அழுக்குத் தண்ணீர்தான் வழி காட்டியது. அது வழிந்து வந்த கேற்றைத் தட்டினோம். திறந்தவர் ஷிஃபானா. கட்டாரில் தாதியாக வேலை செய்து, உழைத்த காசில் இந்த இல்லத்தைத் தொடங்கியவர். சொல்லாமல் வந்த எங்களைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்தது.

"போர்ட் எங்க?" என்றேன்.

"போடல்ல மிஸ்."

"ஏன், பெயின்ற் முடிஞ்சு போச்சா?"

அவர் கேற்றைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "போர்ட் போட்டா நாளைக்கே புள்ளைகள் வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க மிஸ். வீட்டுக்கில்ல. வேற எங்கயும் கண்காணாத இடத்துக்கு. வாப்பாவ இப்பிடி ஒரு இடத்தில உட்டிரிக்கி எண்டு தெரிஞ்சா எங்கட ஆக்கள் தொழுகைக்குப் பள்ளிக்குள்ள தல நிமிந்து போக ஏலா. அதால, மகள்ட வீட்ட போயிரிக்கார், வெளிநாட்டில மகனோட இரிக்கார் எண்டு ஊருக்குச் சொல்லி வெச்சிரிக்காங்க."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "பெத்த வாப்பாவக் கொண்டு வந்து ஒளிச்சு வெக்கிறவங்களுக்கு மானம் ஒரு கேடா? போர்ட் அடிக்கக்குள்ள அந்தப் புள்ளைகள்ட பேரையும் சேத்து அடிங்க. ஊர் வாசிக்கட்டும்!"

வீடு முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். இராகுலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அழுக்குத் தண்ணீர் ஓடும் கானைப் பார்க்கப் போனார். எனக்கு உள்ளுக்குள் நன்றாக இருந்தது. நியாயமான கோபம் வந்தால் உடம்புக்கே ஒரு சுகம்.

உண்மையைச் சொன்னால் இல்லம் மோசமில்லை. குசினி சுத்தமாக இருந்தது. மருந்துகள் ஆளாளுக்குப் பெயர் எழுதி அலுமாரியில் இருந்தன. படுக்கைகளில் மூத்திர நெடி இல்லை. கான் உடைந்திருந்தது, அது ஒரு மேசன் ஒரு பகலில் செய்து முடிக்கிற வேலை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆண்களின் அறைக்குப் போகும்வரை குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

அந்த அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. வெளியே போக இரண்டு வழி. ஒன்று குசினிக்குள்ளால், காஸ் அடுப்பை உரசிக்கொண்டு போக வேண்டும். மற்றது பின்கதவு. அதில் ஒரு பெரிய ஆமைப்பூட்டு தொங்கியது. ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி.

"இரவில இந்தப் பூட்டுத் திறப்பு ஆரிட்ட?" என்று இராகுலன் கேட்டார்.

"என்னட்டத்தான் சேர். ஒரு அப்பா விடியப்பறம் எழும்பி நடந்து மெயின் றோட்டுக்குப் போயிட்டார். லொறிக்காரன் கண்டு பிடிச்சான். அதுக்குப் பிறகுதான் பூட்டுறன்."

"குசினியில நெருப்புப் பிடிச்சா இவை எதால வெளிய வாறது?"

இராகுலன் என்னைத் தனியே கூப்பிட்டார். "மிஸ், இதை விட ஏலாது. பூட்டைத் திறந்து விட்டாலும் ஆக்கள் றோட்டுக்குப் போயிடுவினம். இரண்டாவது வழி சரிவரும்வரைக்கும் மூடச் சொல்லி எழுதுவம். சொந்தக்காரரைக் கூப்பிட்டு அவரவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுவம்." வழக்கமாக நான் சொல்கிற வார்த்தைகள் அவை. நான் தலையாட்டினேன். ஒளித்து வைத்த பிள்ளைகள் எல்லாம் பட்டப்பகலில் வந்து இந்தக் கேற்றில் வரிசையாக நிற்பதை நினைக்க எனக்கு ஆசையாகவும் இருந்தது.

இல்லத்தில் இருப்பவர்களோடு தனியே கதைக்க வேண்டும் என்பது முறை. ஷிஃபானாவை முன்பக்கம் அனுப்பிவிட்டுக் கட்டில் கட்டிலாகப் போனோம். சாப்பாடு போதுமா, யாரும் அதட்டுகிறார்களா, பிள்ளைகள் வருகிறார்களா. ஒருவருக்குக் காது கேட்கவில்லை. ஒருவர் என்னைத் தன் மகள் என்று நினைத்து அழுதார். பின்கதவுக்குப் பக்கத்துக் கட்டிலில், வெள்ளைத் தொப்பியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரிடம் கடைசியாக வந்தோம்.

அவர் என் மாமா. என் கணவர் பஸ்லானுடைய வாப்பா.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். கல்யாணம் முடித்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து விடுவார். கிண்ணியாவில் நாங்கள் இருக்கும் வீடு என் வாப்பா எனக்குக் கட்டித் தந்தது. மாமி மௌத்தான பிறகு மாமா எங்களோடு வந்து இருந்தார். மூதூருக்குப் போகும் லோஞ்சிப் படகில் டிக்கெட் கிழித்தவர், இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை. வயது போகப் போக அவருக்கு மூத்திரம் நிற்காமல் போனது. என் அலுவலக ஆட்கள் விருந்துக்கு வந்த அன்று, புதுச் செற்றியில் இருந்தபடியே நனைத்துவிட்டார். ஆட்கள் போன பிறகு நான் பஸ்லானிடம் கத்தினேன், இது என்ட வாப்பா எனக்குத் தந்த வீடு என்று. மாமா அடுத்த அறையில்தான் இருந்தார்.

கொஞ்ச நாளில் பஸ்லான் சொன்னார், வாப்பா புத்தளத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போகிறார் என்று. நல்லது என்றேன். நோன்புப் பெருநாள் வந்து போனது. ஹஜ்ஜுப் பெருநாளும் போனது. போனைத் தாங்க, மாமாவோடு கதைக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. பஸ்லான் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பாலம் கடந்து இந்த டவுனுக்கு வரத் தொடங்கினார். ஊரில் பள்ளி இல்லையா என்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு லேசாக இருந்தது. அதுதான் உண்மை.

மாமா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு இராகுலனிடம் திரும்பி, "வாங்க தம்பி, மிஸ்ஸும் இரிங்க," என்று பக்கத்துக் கதிரையைக் காட்டினார்.

மிஸ்! முற்றத்தில் நான் போட்ட சத்தம் இந்த அறைக்குக் கேட்டிருக்கும். என் குரலை அவருக்குத் தெரியாதா? எனக்குக் காது இரண்டும் எரிந்தன. கதிரையில் இருந்தேன்.

"பேர் என்ன ஐயா?" என்றார் இராகுலன்.

"ஜமால்தீன்."

"பிள்ளையள் வாறவையோ?"

"மகன் வெள்ளிக்கிழம தவறாம வருவான். நகம் வெட்டி உடுவான். நல்ல புள்ள."

"அப்ப ஏன் வீட்டில வெச்சுப் பாக்கேல்ல?"

"வீடு சின்னது தம்பி. எடம் காணாது."

என் வீடு இரண்டு மாடி. மேலே ஓர் அறையில் பழைய சாமான்கள் கிடக்கின்றன.

"மருமகள் எப்பிடி?"

நான் நிலத்தைப் பார்த்தேன். "தங்கமான புள்ள," என்றார் மாமா. "அரசாங்க வேல. ஏழை எளியவங்கட வேலதான் பாக்கிறா. அவக்கு எங்க நேரம்? நான் இஞ்ச இரிக்கிறது அவக்குத் தெரியாது. தெரிஞ்சா உடமாட்டா."

அவர் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கத்துக்கு முன்னால் ஆறுதல்தான் வந்தது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. இராகுலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, தப்பினேன் என்று நினைத்தேன். உடனேயே அடுத்த பயம் வந்தது. இல்லத்தை மூடினால் ஷிஃபானா ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிடுவார். பஸ்லானும் வருவார். என் கணவர் இந்தக் கேற்றில் வந்து நிற்பதை என் அலுவலகம் முழுக்கப் பார்க்கும்.

இராகுலன் எழும்பினார். "அப்ப மூடச் சொல்லுவம், என்ன மிஸ்? நீங்கள்தான் சொல்லவேணும்."

"மூடத் தேவல்ல," என்றேன். "ரெண்டு மாசம் தவண குடுப்பம்."

"நீங்களோ?" அவர் கண்ணை விரித்தார். "ஒரு கிழமை கூடத் தராத ஆள் நீங்கள். இண்டைக்கு இரவு நெருப்புப் பிடிச்சா?"

"இவ்வளவு நாளும் பிடிக்கல்லத்தானே!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கட்டில்களில் இருந்த மனிதர்களுக்கு முன்னால், பூட்டின கதவுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன். காது கேட்காதவர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். என் மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எனக்காக வெட்கப்பட்டார். சொந்தப் பிள்ளை சபையில் கேவலமாக நடந்தால் பெற்றவர் குனிகிற மாதிரி.

என்னால் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. எழும்பினேன்.

"இராகுலன், நான் சொன்னது பிழை. இந்தப் பூட்ட இப்பவே திறக்கோணும். இல்லத்த மூடத்தான் வேணும்." மூச்சை இழுத்துக்கொண்டேன். "இவர் என்ட மாமா. பஸ்லான்ட வாப்பா. நான் இவர இண்டைக்கே வீட்ட கூட்டிட்டுப் போறன்."

இராகுலன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மாமாவின் கையைப் பிடிக்கக் குனிந்தேன். அவர் கையை மெதுவாக இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி, சிரித்த முகத்தோடு இராகுலனிடம் சொன்னார்.

"மிஸ்ஸுக்கு ஆள் மாறிப் போச்சு தம்பி. என்ட மருமகள் இப்பிடிக் கதைக்கிற புள்ள இல்ல."

அது பொய் என்று அந்த அறையில் எங்கள் இருவருக்கும் தெரியும். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.